ராட்டையா, தும்புக்கயிறா, ஓலைப் பின்னலா? கொழும்பில் மக்கள் முன் கைவினை செய்து காட்டப் போகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

“கண்காட்சியில் ஒரு மேசை தந்திருக்கிறார்கள். ராட்டை வைக்கவா, பனையோலை வைக்கவா?” இந்தக் கேள்வி ஆண்டுக்குப் பலமுறை வருகிறது. கேட்பவர் சில வேளை கொட்டாஞ்சேனையில் சித்திரப் பாடம் படிப்பிக்கும் ஆசிரியை, சில வேளை வெள்ளவத்தையில் ஒரு மாதர் சங்கம், சில வேளை பழைய மாணவர் சங்கத்துக்காக ஓடித் திரியும் ஒருவர். எல்லோரிடமும் ஆர்வம் இருக்கிறது, ஒன்றிரண்டு பேருக்குக் கைப்பழக்கமும் இருக்கிறது. எதைத் தேர்வது என்பதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பெரும்பாலானோர் “எனக்கு எது நன்றாக வரும்” என்பதிலிருந்து யோசிக்கத் தொடங்குகிறார்கள். நான் எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். மேசைக்கு முன்னால் வந்து நிற்பவர் கை எவ்வளவு விரைவில் வேலைக்குள் நுழைகிறது? நூற்பதில் நீங்கள் பெரிய வல்லவராக இருக்கலாம். ஆனால் பார்க்கிறவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுப் போய்விட்டால், அவருக்கு அது வித்தை காட்டியதுபோலத்தான். இந்தக் கட்டுரையின் சாய்வு இதுதான் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வேறு நோக்கம் இருந்தால் முடிவும் மாறும்.

## முதலில் அளவுகோல்கள்

முதல் பத்து நிமிடம். கொழும்பில் ஒரு கண்காட்சிக்கு வரும் குடும்பம் ஒரு மேசை முன் பத்து நிமிடம் நின்றால் அது பெரிய விஷயம். பக்கத்தில் ஐஸ்கிறீம் விற்கும், ஒலிபெருக்கி அலறும், சின்னப் பிள்ளை சட்டையைப் பிடித்து இழுக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் வந்தவர் கையில் ஏதாவது உருவாக வேண்டும். மற்ற எல்லா அளவுகோலையும்விட இதற்கு நான் இருமடங்கு மதிப்புக் கொடுக்கிறேன்.

மூன்று மீற்றருக்கு அப்பால் தெரிகிறதா? பருத்தி நூல் மெல்லியது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் நூற்றால் இரண்டாம் வரிசையில் நிற்பவருக்கு நீங்கள் காற்றை இழுப்பது போலத்தான் இருக்கும். கயிறும் ஓலையும் தூரத்திலும் தெரியும். நூல் நூற்பதாக இருந்தால் மடியில் ஒரு கறுப்புத் துணி விரித்துக்கொள்ளுங்கள். பாதிப் பிரச்சினை அதோடு தீரும்.

வாய் திறக்காமல் விளங்குமா? யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இது பெரிய கேள்வி இல்லை. கொழும்பில் அப்படியில்லை. ஒரே மேசைக்குத் தமிழ்க் குடும்பம், சிங்களப் பிள்ளைகள், வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி எல்லோரும் அடுத்தடுத்து வருவார்கள். மூன்று மொழியிலும் “இப்போது முறுக்கை விடாமல் பிடி, பிறகு இழு” என்று சொல்லிக்கொண்டே இருந்தால் மதியத்துக்குள் தொண்டை போய்விடும். கையைப் பார்த்தே பிடித்துக்கொள்ளக்கூடிய வேலை எது என்று பார்க்க வேண்டும்.

ஈரமும் குளிரூட்டியும். கொழும்பின் ஈரக்காற்று பருத்திக்கு நல்லது. பருத்தி இழை ஈரம் ஏறும்போது வலுக்கும். நூற்பாலைகளுக்குள் செயற்கையாக ஈரத்தை ஏற்றுவதும் இதனால்தான். ஆனால் மண்டபங்களில் குளிரூட்டி போட்டதும் காற்று காய்ந்து, பஞ்சு பறக்கும், நூல் அறுகிற தடவையும் கூடும். ஓலைக்கு இது இன்னும் கெடுதி, காய்ந்து முறியத் தொடங்கும். திறந்தவெளி என்றால் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. விகாரமகாதேவி பூங்காப் பக்கம் பின்னேர நிகழ்ச்சி என்றால் மேலே கூரை உண்டா என்று கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

இவற்றோடு பொருள் கொழும்பிலேயே கிடைக்கிறதா, கூரான கருவி உண்டா, முடிந்த பின் யார் கூட்டுவது என்பவையும் இருக்கின்றன. அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

அவசரமாக வாசிப்பவர்களுக்கு ஒரு அட்டவணை (தக்ளி என்பது கையால் சுழற்றி நூற்கும் சிறு கம்பி, அட்டைப் பின்னல் என்பது வெட்டுப் போட்ட அட்டையில் நூலைப் பின்னுவது):

| | பெட்டி ராட்டை | தக்ளி | தும்புக்கயிறு | ஓலை | அட்டைப் பின்னல் |
|---|---|---|---|---|---|
| பத்து நிமிடத்தில் வந்தவர் கையில் என்ன? | அறுந்த நூல் | பெரும்பாலும் அறுந்த நூல் | ஒரு முழக் கயிறு | சிறு விளையாட்டுச் சாமான் | பின்னலின் தொடக்கம் |
| தூரத்தில் தெரியுமா? | சக்கரம் தெரியும், நூல் தெரியாது | தெரியாது | நன்றாகத் தெரியும் | தெரியும் | சுமார் |
| பேசாமல் விளங்குமா? | பார்க்கலாம், செய்ய முடியாது | இல்லை | ஆம் | ஓரளவு | ஆம் |
| பொருள் கொழும்பில் | கடினம் | பஞ்சுத் திரி கடினம் | தேடினால் கிடைக்கும் | தென்னை எளிது, பனை வடக்கிலிருந்து | மிக எளிது |
| மறைந்திருக்கும் செலவு | பழுதும் உதிரிப் பாகமும் | பழக்கும் நேரம் | தூசி, கூட்டுதல் | முதல்நாள் வேலை | நூல் வெட்டும் நேரம் |
| பொருந்தும் இடம் | அமைதியான மண்டபம் | இருந்து படிக்கும் வகுப்பு | திறந்த வெளி, கூட்டம் | வீட்டு மனிதர் வரும் நிகழ்ச்சி | சிறுவர் மூலை |

## பெட்டி ராட்டை

கூட்டத்தைக் கூட்டுவதில் ராட்டையை எதுவும் மிஞ்சாது. மூடியைத் திறந்து, இரண்டு சக்கரங்களையும் அவற்றை ஓட்டும் மால் கயிற்றால் பூட்டி, கைப்பிடியைச் சுழற்றத் தொடங்கினதும் அந்தக் கிறுகிறுப்புச் சத்தத்துக்கே ஆட்கள் திரும்புவார்கள். பெரிய சக்கரம் சின்னச் சக்கரத்தை ஓட்ட, சின்னது கதிர் என்ற நூற்கும் கம்பியை ஓட்ட, கை ஒருமுறை சுற்றும்போது கதிர் பல பத்து முறை சுற்றிவிடும். பொறியியல் படிக்கும் பையன்கள் அந்தக் கணக்குக்காகவே நின்று பார்ப்பார்கள்.

வயதானவர்கள் வேறு காரணத்துக்காக நிற்பார்கள். காந்தி 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்தது கதர் நிதி திரட்டத்தான். கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணம் எல்லாம் போனார். தங்கள் பாட்டனோ பூட்டனோ அப்போது காசு கொடுத்த கதை சில குடும்பங்களில் இன்னும் உலவுகிறது. ராட்டையைக் கண்டதும் அந்தக் கதை வெளியே வரும். ஒரு திருத்தம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சூட்கேஸ் போல மடிகிற பெட்டி ராட்டை அந்தப் பயணத்தின்போது இருக்கவில்லை. அது 1930களின் தொடக்கத்தில், காந்தி எரவாடா சிறையில் இருந்த காலத்தில் உருவான வடிவம். “இதைத்தான் காந்தி யாழ்ப்பாணத்தில் சுற்றினார்” என்று விளக்கப் பலகையில் எழுதிவிடாதீர்கள்.

இனிக் குறைகள். வலக்கை சுற்ற இடக்கை பஞ்சை இழுக்க வேண்டும், இரண்டும் வெவ்வேறு வேகத்தில். இது பழகச் சில நாட்களாவது வேண்டும். வந்தவருக்குக் கைப்பிடியை மட்டும் கொடுத்து நீங்கள் பஞ்சைப் பிடிக்கலாம். சின்னப் பிள்ளைக்கு அது போதும். ஆனால் எந்தப் பிள்ளையும் இரண்டு சுற்று நேராகச் சுற்றிவிட்டு மூன்றாவதைத் தலைகீழாகச் சுற்றும், அதோடு முறுக்கு அவிழ்ந்து நூல் போய்விடும். கதிர் கூரானது, கண் மட்டத்துக்கு நேரே நிற்கும். ஒரு கயிற்று வேலியோ இன்னொரு மேசையோ இடையில் இருந்தாக வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு பழுதுபார்ப்பில் இருக்கிறது. மால் கயிறு ஈரத்தில் இறுகும், குளிரூட்டியில் தளரும், வழுக்கும். கதிர் வளைந்தால் இங்கே மாற்றுக் கதிர் வாங்கக் கடை தேடி அலைய வேண்டும், இந்தியா போய் வருபவரிடம் சொல்லிவிடுவதுதான் நடைமுறை. கொண்டுவருபவரிடம் கைப்பையில் போடாமல் பெரிய பெட்டிக்குள் போடச் சொல்லுங்கள், கூரான உலோகம். நூற்பதற்கு உருட்டிய பஞ்சுத் திரியும் அதே வழியில்தான் வரவேண்டும்.

ராட்டையை எப்போது தேர்வது? அமைதியான மண்டபம், இருந்து கேட்கும் சபை, கூடவே ஒரு சிறு உரை என்றால் ராட்டைதான். கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் நடக்கும் ஒரு மாலை நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள், அப்படியான இடத்தில் அது தன் இடத்தில் இருக்கும். சனம் நெருக்கும் பாடசாலைக் களியாட்ட விழாவில் அது காட்சிப்பொருளாகத்தான் முடியும்.

## தக்ளி

சட்டைப் பைக்குள் அடங்கும், விலை குறைவு, உடைய ஒன்றுமில்லை. ஒரு மெல்லிய கம்பி, அடியில் ஒரு சிறு வட்டத் தகடு, நுனியில் ஒரு கொக்கி. அடிமுனையை ஒரு சிரட்டைக்குள் ஊன்றிச் சுழற்றினால் வழுக்காமல் சுற்றும். சிரட்டையைக் கண்டதும் சனத்துக்கு ஒரு நெருக்கமும் வந்துவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு “அப்ப இதுதான் சரி” என்று முடிவெடுத்துவிடாதீர்கள். தொடங்குபவருக்குத் தக்ளி ராட்டையைவிடக் கடினம். பருத்தி இழை குட்டையானது, இரண்டரை மூன்று சென்ரிமீற்றர்தான். முறுக்கு ஏறுவதற்குள் இழுத்தால் பிரிந்துவிடும், ஏறின பிறகு இழுத்தால் வராது. அந்த நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்கத்தான் பயிற்சி. இணையத்தில் பழைய சீடியும் குச்சியும் வைத்துக் கதிர் செய்யும் காணொளிகள் நிறைய உண்டு. அவற்றில் பெரும்பாலும் ஆட்டுரோமம் நூற்கிறார்கள். ரோமம் நீளமானது, கதிர் அந்தரத்தில் தொங்கினாலும் தாங்கும். அதே பாரத்தைப் பருத்தியில் தொங்கவிட்டால் அறுந்து விழும்.

பஞ்சு பற்றியும் ஒரு சொல். மெத்தைக் கடையில் வாங்கும் இலவம்பஞ்சு நூற்க உதவாது. அந்த இழை வழுவழுப்பானது, இயல்பான முறுக்கு அதில் கிடையாது, ஒன்றையொன்று பற்றாது. மருந்துக்கடைப் பஞ்சு பருத்திதான், ஆனாலும் எண்ணெய்ப் பசை போக்கி, வெளுத்து, அடுக்காக அமுக்கியிருப்பதால் தொடங்குபவர் கைக்கு வராது. இழை பிரியப் பன்னி, சுத்தம் செய்து விரல் பருமனில் உருட்டிய திரி வேண்டும்.

தக்ளியை வைத்துக்கொண்டு அந்தப் பத்து நிமிடத்தை எப்படிச் சமாளிப்பது? நான் தக்ளியை எடுப்பதற்கு முன் விளக்குத் திரியிலிருந்து தொடங்கச் சொல்வேன். எங்கள் வீடுகளில் பூசை அறைக்குத் திரி உருட்டாத கை உண்டா? உள்ளங்கையில் பஞ்சை வைத்து உருட்டும் அந்தச் செயலே நூற்பின் முதல் படி. சிங்கள வீடுகளிலும் விளக்குப் பூசைக்குத் திரி உண்டு, விளக்கம் தேவைப்படாது. கொட்டையோடு ஒரு பருத்திக்காயைக் கையில் கொடுங்கள். கொட்டையிலிருந்து பஞ்சைப் பிய்த்து, இழுத்து, விரலால் முறுக்கி, வந்தவர் தன் கையால் ஒரு சாண் நூல் செய்துவிடுவார். அது கரடுமுரடாக இருந்தாலும் பரவாயில்லை. அதன் பிறகு “இதையே வேகமாகச் செய்யத்தான் இந்தக் கம்பி” என்று தக்ளியைக் காட்டினால் எவருக்கும் விளங்கும். ஒரு பருத்திச் செடியைச் சாடியில் வளர்த்து வைத்திருந்தால் இதற்கு வேறு செலவே இல்லை.

இருந்து செய்யும் வகுப்புக்குத் தக்ளி மிகப் பொருத்தம். பன்னிரண்டு பதினைந்து பேர், இரண்டு மணித்தியாலம், ஆளுக்கொரு சிரட்டை. முறுக்கை நிறுத்திப் பிடித்துக்கொண்டு பிறகு இழுக்கும் முறையைப் பழக்கினால், வகுப்பு முடிவதற்குள் பாதிப் பேராவது தொடர்ந்து நூற்பார்கள். மேசைக்கு மேல் மின்விசிறி ஓடக்கூடாது. கடந்துபோகும் கூட்டத்துக்குத் தக்ளி வேண்டாம்.

## தும்புக்கயிறு

இந்த ஒப்பீட்டில் என் கை இதன் பக்கம்தான் சாய்கிறது.

இரண்டு பேர். இருவருக்கும் நடுவே ஒரு நீளத் தும்பு இழை. ஒருவர் இந்தப் பக்கமும் மற்றவர் எதிர்ப்பக்கமும் முறுக்குகிறார்கள். இறுகி, தானே சுருளப் பார்க்கும்போது மூன்றாமவர் நடுவில் ஒரு விரலை வைக்க, முனைகளை ஒன்றாகச் சேர்க்கிறார்கள். விரலை எடுத்த கணமே இரண்டு புரியும் ஒன்றையொன்று சுற்றிக் கயிறாகிவிடும். யாரும் சுற்றவில்லை, தானாகச் சுற்றுகிறது. பெரியவர்கள்கூட “இன்னொருக்கா காட்டுங்கோ” என்பார்கள். வலமாக முறுக்கிய புரிகள் இடமாகச் சேரும்போது ஒன்றின் அவிழும் வேகம் மற்றதைப் பூட்டுகிறது. நூலிலிருந்து கப்பல் வடம் வரை இந்த விதிதான். ராட்டையில் நூற்ற நூலை இரட்டிப்பதும் இதே வழிதான். ஒரு கயிற்றில் முழுப் பாடமும் அடங்கிவிடுகிறது, ஒரு வார்த்தை பேசாமல்.

பிறகு இழுத்துப் பார்க்கக் கொடுங்கள். ஒற்றை இழையைக் கையால் அறுக்கலாம், கயிற்றை முடியாது. பையன்கள் கயிறு இழுத்தல் தொடங்கிவிடுவார்கள், அதை மட்டும் தடுக்க வேண்டும்.

தும்பின் பின்கதையும் நாட்டுக்கதைதான். பச்சைத் தேங்காயின் பொச்சு மட்டையைக் களப்பு நீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, அடித்து, எடுக்கும் வெண்தும்பு ஒரு வகை. முற்றிய மட்டையிலிருந்து வரும் கபிலத் தும்பு இன்னொரு வகை, அது முரடு. தென்கரையில் காலி, மாத்தறைப் பக்கம் பெண்கள் கயிறு திரிப்பது தலைமுறைத் தொழில். ஒருவர் சக்கரத்தைச் சுற்ற, மற்றவர்கள் இடுப்பில் தும்பைச் செருகிக்கொண்டு பின்னோக்கி நடந்தபடி இழை விடுவார்கள். அந்தச் சக்கரத்தைக் கொண்டுவர ஆசைப்படுவீர்கள். பத்து மீற்றருக்குக் குறையாத நேரான இடம் இருந்தால் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் கையே போதும்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? தூசியில். தும்பு உதிரும், சோறு உதிருவது போல எல்லா இடத்திலும். கம்பளம் விரித்த விருந்தினர் மண்டபத்தில் தும்பு போட்டால் வைப்புப் பணம் திரும்பாது. கீழே ஒரு பெரிய தார்ப்பாய் விரித்து, தும்பை முதல்நாளே உதறி, வேலைக்கு முன் லேசாக நீர் தெளித்தால் பாதி குறையும். ஆஸ்துமா என்ற இழுப்பு நோய் உள்ளவர்களை அருகில் இருத்த வேண்டாம். தொடையில் வைத்து உருட்டுவதானால் தடித்த துணி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், தோல் சிவந்துவிடும். தும்புத்தடிக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் குட்டையும் விறைப்பும் கொண்ட தும்பு, திரிப்பதற்கு நீளத் தும்பு கேளுங்கள். தென்னை முக்கோணப் பகுதியில் (குருநாகல், புத்தளம், கம்பஹா) தெரிந்தவர் இருந்தால் தும்பு ஆலையிலேயே ஒரு மூட்டை வாங்கிவிடலாம்.

மண்டபக்காரர் தும்பு கூடவே கூடாது என்றால்? பழைய சேலையை இரண்டு விரல் அகலப் பட்டியாகக் கிழித்து அதையே கயிறாகத் திரியுங்கள். அதே தந்திரம், தூசி இல்லை, நிறமும் கொள்ளை. ஆனால் விளக்கப் பலகையில் தென்கரைத் தும்புத் தொழில் பற்றி எழுதிவிட்டு மேசையில் சேலைக் கயிறு வைப்பது அழகில்லை.

## ஓலை

கொழும்பில் வாழும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு இது மனசோடு ஒட்டிய தேர்வு. நீத்துப்பெட்டி, கடகம், சுளகு, குட்டான், திருகணை என்று மேசையில் அடுக்கினாலே “அம்மம்மா வீட்டில இருந்தது” என்று ஒருவர் கதைக்கத் தொடங்குவார். பொருட்களைப் பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையத்தில் வாங்கலாம். சபை 1978 முதல் இயங்குகிறது.

செய்து காட்டுவது வேறு விஷயம். சார்வோலை என்ற இளம் பனையோலையை எடுத்து, ஈர்க்கு நீக்கி, சத்தகத்தால் ஒரே அகலத்தில் வார்ந்து, தேவையானால் சாயத்தில் அவித்து, காயவிட்டு, திரும்ப ஈரத் துணியில் சுற்றி வைக்க வேண்டும். இத்தனையும் முதல்நாள் வேலை. மேசையில் நடப்பது கடைசிப் பத்தில் ஒரு பங்கு. ஏற்பாட்டாளர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. “இரண்டு மணித்தியாலம்தானே” என்பார்கள். சத்தகம் கூரான கத்தி, அதைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, வார்ந்த ஓலையை மட்டும் கொடுங்கள்.

பெட்டி இழைப்பது பத்து நிமிடத்தில் நடக்கிற காரியமில்லை. அடியைத் தொடங்கி மூலை திருப்புவதற்குள் வந்தவர் போய்விடுவார். அவருக்கு மூன்று ஓலையைச் சடைபோலப் பின்னக் கொடுங்கள். அந்தப் பட்டியைச் சுற்றிச் சுற்றித் தைத்துத்தான் தொப்பியும் பையும் ஆகின்றன என்று ஒரு தொப்பியைக் காட்டினால் வேலை முடிந்தது. தலை பின்னத் தெரிந்த எந்தப் பிள்ளையும் முதல் தடவையிலேயே செய்துவிடும். கிலுகிலுப்பையும் பாம்பும் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு.

பனையோலை வடக்கிலிருந்து வருவதற்குள் காய்ந்துவிடும் என்று பயந்தால் தென்னங்குருத்து இருக்கிறது. கோயிலுக்குத் தோரணம் கட்டுபவரிடம் சொல்லி வைத்தால் அன்று காலையே பச்சையாக வரும். சிங்களவர்களின் சடங்குகளிலும் கொக்கொல என்று இதே குருத்தோலைக்குப் பெரிய இடம் உண்டு. உங்கள் மேசைக்கு வந்த ஒரு சிங்களப் பாட்டி உங்களைவிட வடிவாகப் பின்னிவிட்டுப் போனால் ஆச்சரியப்படாதீர்கள். அப்படி ஒருவர் வந்தால் கதிரையைக் கொடுத்துவிட்டு நீங்கள் எழும்புவதே நல்லது. தென்னங்குருத்தின் ஒரே குறை, பின்னேரத்துக்குள் வாடும், வைத்திருக்க முடியாது. பனையோலையில் செய்தது ஆண்டுக்கணக்கில் இருக்கும்.

## அட்டைப் பின்னல்

பிள்ளைகள் மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம். தடித்த காட்போட்டில் கைக்கடக்கமான எண்கோணம் ஒன்று வெட்டி, நடுவில் துளையிட்டு, எட்டுப் பக்கத்திலும் எட்டு வெட்டு. ஐம்பது அறுபது சென்ரிமீற்றர் நீளத்தில் ஏழு நூலை ஒன்றாக முடிந்து துளையால் கீழே விட்டு, ஏழு வெட்டில் ஏழு நூல், ஒரு வெட்டு வெறுமை. வெறும் வெட்டிலிருந்து ஒரே பக்கமாக எண்ணி மூன்றாவது நூலைத் தூக்கி அந்த வெற்றிடத்தில் போடு. அட்டையைத் திருப்பிப் புதிய வெற்றிடத்தை உன் பக்கம் கொண்டுவா. திரும்ப மூன்று. இவ்வளவுதான். ஆறு வயதுப் பிள்ளைக்கும் வரும். அடியில் உருண்டையான பின்னல் வளர்ந்துகொண்டே போகும். கைக்கட்டு ஒன்று முடிய அரை மணித்தியாலமாவது ஆகும். ஆனாலும் பிள்ளை அட்டையோடு போய் பஸ்ஸிலும் வீட்டிலும் தொடரலாம். உங்கள் மேசையை விட்டுப் போன பிறகும் வேலை நடக்கிறது என்பது மற்ற எதற்கும் இல்லாத பலம்.

பொருள் எல்லாம் புறக்கோட்டையில் ஒரு சுற்றில் முடியும். மருதமுனைக் கைத்தறிக்காரர் யாரையாவது தெரிந்தால் மிச்ச நூல் கேட்டுப் பாருங்கள், நிறமும் தரமும் வேறு மாதிரி இருக்கும். செலவு நேரத்தில் ஒளிந்திருக்கிறது. நூறு பிள்ளைக்கு எழுநூறு நூல் ஒரே அளவில் வெட்டி, முடிந்து, அட்டையில் கோத்து வைக்க வேண்டும். முன்னிரவு வீட்டில் எல்லோரும் இருந்தாக வேண்டும். கோக்காமல் போனால் பத்து நிமிடமும் முடிச்சுப் போடுவதிலேயே போய்விடும்.

இதில் ஒரு நேர்மைப் பிரச்சினை உண்டு. இதை “எங்கள் பாரம்பரியக் கலை” என்று பெயர்ப்பலகையில் போடலாமா? பல புரிப் பின்னல் எங்களிடம் இருந்தது, அரைஞாண் கயிறும் சடைக் குஞ்சமும் அதற்குச் சாட்சி. ஆனால் இந்த அட்டை முறை அண்மைக் காலத்து எளிமையாக்கம், ஜப்பானியப் பின்னல் பலகைகளின் உறவு. “பல புரிப் பின்னலைப் பழக ஓர் எளிய வழி” என்று எழுதுங்கள். பக்கத்தில் உண்மையான அரைஞாண் கயிறு ஒன்றை வையுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

மேடையே கிடைத்திருக்கிறது, மேசை இல்லை என்பவர்களுக்குப் பின்னல் கோலாட்டம் இருக்கிறது. மேலிருந்து தொங்கும் நிறக் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு பாதிப் பேர் இடமும் பாதிப் பேர் வலமும் மாறி மாறி ஆட, கயிறு பின்னிக்கொண்டு வரும், அதே அடிகளைத் தலைகீழாக ஆடினால் அவிழும். நூறு பேருக்கு ஒரே நேரத்தில் பின்னலின் கணக்கைக் காட்ட இதைவிட வழி இல்லை. ஒருவர் ஓரடி பிசகினால் அவிழாது என்பதால் பல வார ஒத்திகை வேண்டும். அதற்கு ஆளும் நேரமும் இல்லாதவர்கள் நினைக்கவே வேண்டாம்.

## நீங்களே செய்வதா, தொழில் தெரிந்தவரை அழைப்பதா?

ஓலையும் தும்பும் சிலருக்குப் பொழுதுபோக்கு இல்லை, வயிற்றுப்பாடு. முடிந்தால் அவர்களையே அழையுங்கள் என்பேன். ஆனால் முழுக் கணக்கையும் போட்டுவிட்டு அழையுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஒரு நாள் நிகழ்ச்சிக்கு வரும் அம்மா ஒருவருக்கு இரண்டு இரவுப் பயணமும் மூன்று நாள் உழைப்பும் போகிறது. “சாமான் விற்றுக் காசு எடுக்கலாம்தானே” என்று சொல்லிச் சம்பளம் பேசாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். செய்து காட்டிக்கொண்டே விற்க முடியாது. கை இழைத்தால் வாய் விலை பேசாது, வாய் பேசினால் கை நிற்கும். அன்றைய நாளுக்கான கூலியைத் தனியாகக் கொடுத்து, விற்பனைக்கும் மொழிபெயர்ப்புக்கும் உங்கள் ஆள் ஒருவரை நிறுத்துங்கள்.

தும்பறைப் பாய் நெசவையும் சிலர் கேட்கிறார்கள். 2021இல் அது யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த பிறகு கேள்வி கூடியிருக்கிறது. கண்டிப் பக்கத்தில் ஒரு சமூகம் தலைமுறையாகக் கைமாற்றிவரும் வேலை அது. காணொளி பார்த்து நாம் மேசையில் போலி செய்வது சரியில்லை. அவர்களை அழைக்க வசதி இருந்தால் அழையுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

## இரண்டைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். எனக்குப் பிடித்த சேர்க்கை ராட்டையும் கயிறும். ராட்டைச் சத்தம் சனத்தை நிறுத்தும், கயிறு அவர்கள் கையைப் பிடிக்கும். ராட்டையில் ஒருவர் பேசாமல் நூற்றுக்கொண்டிருக்க, முன்வரிசையில் இருவர் கயிறு திரிக்கப் பழக்கலாம். மூன்று பேர் இல்லாவிட்டால் இதைத் தொடாதீர்கள். இரண்டு பேர் மட்டும் என்றால் கயிறு மாத்திரம். ஒற்றை ஆள் என்றால் ஓலையோ அட்டையோ, ஏனென்றால் அவற்றை வந்தவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்தவரைப் பார்க்கலாம். கயிற்றுக்கு எப்போதும் எதிரில் ஒரு ஆள் வேண்டும்.

முடிவெடுத்த பிறகு ஏற்பாட்டாளரிடம் தொலைபேசியில் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: தரை கம்பளமா சீமெந்தா, தலைக்கு மேல் மின்விசிறி ஓடுமா, மேசையோடு எத்தனை கதிரை, தண்ணீர் எங்கே, சாமான் இறக்கும் வாசல் எது, முடிந்ததும் எத்தனை மணிக்குள் வெளியேற வேண்டும். தரை கம்பளம் என்றால் தும்பு வேண்டாம், சேலைப் பட்டியைக் கொண்டுபோங்கள். மின்விசிறியை நிறுத்த மாட்டோம் என்றால் பருத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டு ஓலையோடு போங்கள்.